பண்ணை வாசலில் எங்களையும் நிறுத்துங்கள்

பால் பண்ணை வைத்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பண்ணை பண்ணையாகப் போய் மாடு பார்க்கும் கால்நடை மருத்துவனாக இதை எழுதுகிறேன். வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரி நோய் வந்த பிறகுதான் என்ன மருந்து போடலாம் என்று பலர் கேட்கிறீர்கள். புண்ணை ஆற்றலாம், காய்ச்சலைக் குறைக்கலாம், அவ்வளவுதான். தடுப்பூசியைத் தவறாமல் போடுகிறவர்கள்கூட, வாசல் வழியே நோய் உள்ளே வராமல் தடுப்பதில் கோட்டை விடுகிறார்கள்.

நோய் பெரும்பாலும் புது மாட்டோடுதான் வருகிறது. வாங்கி வந்த அன்றே மற்ற மாடுகளுக்கு நடுவில் கட்டி, அதே தொட்டியில் தண்ணீர் காட்டிவிடுகிறோம். கோமாரி தொற்றிய மாட்டில் அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம்; அதற்கு முன்பே பாலில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது' என்பதெல்லாம் கணக்கில் சேராது. குறைந்தது 3 வாரம் தனியே கட்டுங்கள். வாளியும் தனி. தனி ஆள் போட முடியாவிட்டால் அந்த மாட்டைக் கடைசியில் கறங்கள். அதற்குள், கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா கிருமிக்கு ரத்தமும் மடிநோய்க்குப் பாலும் சோதித்துவிடலாம்.

அடுத்த ஆபத்து நாங்கள்தான். மருத்துவர், சினை ஊசி போடுபவர், பால் வண்டிக்காரர், மாட்டுத் தரகர் என்று ஒரே நாளில் பல தொழுவங்களை மிதிக்கிறவர்கள். வாசலில் கால் நனைக்கும் தொட்டி வைத்திருக்கிறீர்கள், சரி. ஆனால் பல இடங்களில் அது சாணி கரைந்து பச்சையாக நிற்கிறது. சாணி கலந்தால் கிருமிநாசினியின் வீரியம் போய்விடும். முதலில் பூட்ஸின் அடிப்பள்ளங்களில் அப்பியிருப்பதை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம்தான் கரைசல். கோமாரி வைரஸுக்கு 4 சதவீதச் சலவை சோடா போதும். 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம். கலங்கினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். டாக்டரிடம் எப்படிக் காலைக் கழுவச் சொல்வது என்று கூச்சப்படாதீர்கள். அதற்கு முகம் சுளிக்கிற டாக்டர் உங்கள் பண்ணைக்குத் தேவையில்லை.

2024-இல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் பரவியதே, அந்த வைரஸ் மடியில் பெருகிப் பாலில் ஏராளமாக வந்தது. பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. நோயுற்ற மாட்டின் பாலைக் காய்ச்சாமல் கன்றுக்கும் ஊற்றாதீர்கள், பூனைக்கும் வைக்காதீர்கள்.

கடைசியாக, மாடு குறைமாதத்தில் கன்று வீசினால் அதை வெறுங்கையால் தொடவே கூடாது. புரூசெல்லா மனிதனுக்கும் ஒட்டும். நஞ்சுக்கொடியை நாய் இழுத்துப் போகாமல் மூடி வையுங்கள். நாங்கள் வந்து மாதிரி எடுத்த பிறகு சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.