அவன் அழும் ராத்திரிக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ பேசும்போது பின்னால் சின்னவன் அழுத அழுகை இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆன்டிபயாடிக் ஆரம்பித்தும் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறானே, மருந்து வேலை செய்யவில்லையோ என்று கேட்டாய். அதற்குத்தான் எழுதுகிறேன்.

உனக்கு மூன்று வயதில் இதே நடுக்காது வலி வந்தது. டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டது, இனி வலியும் அடங்கிவிடும் என்று நம்பி, வலிக்கென்று தனியாக நான் எதுவும் கொடுக்கவில்லை. நீ விடிய விடியத் துடித்தாய். அது கிருமிக்கான மருந்து, முதல் நாள் வலியைத் தணிக்காது என்று எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குட்டையாக, படுத்தாற்போல் இருக்கும். சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே தேங்கிய நீர் செவிப்பறையை வெளியே தள்ளும்போதுதான் அந்த வலி. இபுப்ரோஃபென் வீக்கம், வலி இரண்டுக்குமான மருந்து. பாராசிட்டமால் வலியையும் காய்ச்சலையும் குறைக்கும். 1996-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அதை மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 25 பேருக்கு இரண்டு நாள் கழித்தும் வலி இருந்தது. கூடவே பாராசிட்டமால் எடுத்தவர்களில் 10, இபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 7. இந்த இரண்டில் எது மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏதாவது ஒன்றைக் கொடுக்காமல் மட்டும் இருக்காதே.

அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. ஒரு வேளைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், இபுப்ரோஃபென் கிலோவுக்கு 5 முதல் 10 வரை என்பது வழக்கம். அவன் 12 கிலோ என்றாயே, டாக்டரிடம் அதைச் சொல்லி எத்தனை மில்லிலிட்டர், எத்தனை மணிக்கு ஒருதரம் என்று எழுதி வாங்கிக்கொள். பாட்டிலுக்குப் பாட்டில் சிரப்பின் வீரியம் மாறும், அதோடு வரும் அளவுக் குழலிலேயே அள. வாந்தி எடுத்து நீர் வற்றியிருந்தாலோ, சின்னம்மை என்றாலோ இபுப்ரோஃபென் வேண்டாம். ஆஸ்பிரினை டாக்டர் சொல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

காதின் பின்புறம் சிவந்து வீங்கினாலோ, கழுத்து விறைத்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்தே கிடந்தாலோ காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ.

படுத்தால் வலி கூடும். அதனால் வலி மருந்தைத் தூங்க வைப்பதற்கு அரை மணி முன்பே கொடுத்துவிட்டு, தோளில் நிமிர்த்திச் சாய்த்து வைத்துக்கொள். எத்தனை மணியானாலும் கூப்பிடு, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அம்மா