பழுப்புச் சட்டைக்காரர்கள்

கிருஷ்ணகிரி

அன்புள்ள கண்ணு,

பரணில் மாங்காய்க் கூடைகளைத் தேடப் போனவனுக்கு உன் பக் டேனி படக்கதைப் புத்தகம் கிடைத்தது. ரவுண்டானா பக்கம் பழைய புத்தகக்காரர் பாதி விலைக் குவியலில் போட்டிருந்த, அட்டை மடங்கிய ஆங்கிலப் பதிப்பு. இராத்திரி சாப்பிட்டுவிட்டு எடுத்தேன், முடித்த பிறகுதான் படுத்தேன்.

1947-இல் பெல்ஜியத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடங்கிய கதை இது. எழுதிய ஷார்லியே தானே விமானம் ஓட்டக் கற்றவர். வரைந்த ஹ்யூபினோன் 1979-இல் மறைந்த பிறகு வேறொருவர் தொடர்ந்தார். நாயகன் அமெரிக்கக் கடற்படை விமானி. சின்ன வயதில் நீ அவனையும் அவன் இரண்டு தோழர்களையும் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை. நானும் அப்படித்தான். இந்த முறை என் கண் கட்டங்களின் ஓரத்துக்கே போனது.

விமானம் தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் சின்னச் சின்னதாய் எத்தனை பேர்! சட்டை நிறத்தை வைத்தே வேலையைச் சொல்லிவிடலாம். விமானத்துக்கு வழிகாட்டுபவர் மஞ்சள், எரிபொருள் நிரப்புபவர் ஊதா, குண்டு ஏற்றுபவர் சிவப்பு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பவர் நீலம், விமானத்தை உந்தித் தள்ளும் விசையைக் கவனிப்பவர் பச்சை. பழுப்புச் சட்டைக்காரர், விமானி ஏறும்வரை அந்த விமானத்துக்குப் பொறுப்பானவர். தோளில் சங்கிலிகளைப் போட்டுக்கொண்டு நிற்பார். நிஜக் கப்பலிலும் இதே வழக்கம்தான். அங்கே விமானத்தின் பக்கவாட்டில் விமானியின் பெயரோடு அவர் பெயரையும் எழுதுவார்களாம். அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

இறங்கும் காட்சிகள்தாம் நெஞ்சைப் பிடித்து நிறுத்துகின்றன. தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியை வால் கொக்கி பிடிக்க வேண்டும். சக்கரம் தொட்டதும் விமானி வேகத்தைக் குறைப்பதில்லை, முழு வேகம் கொடுக்கிறான். கொக்கி தவறினால் உடனே மேலே ஏறியாக வேண்டுமே! அந்தக் கம்பியைக் காலையில் ஒருவர் சோதித்திருப்பார் என்ற நம்பிக்கையில்தானே அவன் கடலுக்கு நடுவே இறங்குகிறான்?

வேலை முடிந்ததும் ஒவ்வொரு கருவியையும் எண்ணிப் பெட்டியில் வைத்த பிறகே விமானப் பராமரிப்புக் கூடத்தை விட்டு வெளியே வருவாய் என்று போனில் சொன்னாயே, அந்தக் கப்பல்களிலும் விமானம் பறக்குமுன் எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நடந்து தரையைப் பார்ப்பார்களாம். ஓர் ஆணி கிடந்தாலும் எஞ்சின் உள்ளே இழுத்துக்கொள்ளும். நீ எண்ணுவதும் அவர்கள் நடப்பதும் ஒரே காரியம்தான், கண்ணு. ஹைதராபாத்தில் நீ இரவு முழுக்கக் கண்விழித்துச் செய்வது எத்தனை பெரிய வேலை என்று எனக்குப் படம்படமாகத் தெரிகிறது.

நம் உறவில் இன்னமும் "பொண்ணு ஏரோப்ளேன் ஓட்டுதா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்றதும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. உன் அத்தை மகள் கல்யாணம் ஆவணியில். அங்கே யார் கேட்டாலும் இந்தப் பழுப்புச் சட்டைக்காரரிலிருந்து தொடங்கி முழுசாக நானே சொல்லிக்கொள்கிறேன். நீ விடுப்புக்கு இப்போதே எழுதிப் போடு. இரவுப் பணி முடிந்த கையோடு பஸ் ஏறாதே, ஒரு நாள் தூங்கிவிட்டுக் கிளம்பு.

அன்புடன்,
அப்பா