ரக்பி பயிற்சி: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நம் பள்ளியில் ரக்பி பயிற்சி தொடங்குகிறது. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரணியின் கோட்டைத் தாண்டி ஓடும் ஆட்டம் இது. ஒப்புதல் படிவம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. கடிதம் கொஞ்சம் நீளம்தான். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

'கபடியும் வாலிபாலும் இருக்கும்போது ரக்பி எதற்கு சார்?' என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2016 ரியோ ஒலிம்பிக்கிலிருந்து அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி ஒலிம்பிக்கில் இருக்கிறது. முதல் ஆண்கள் தங்கத்தை வாங்கியது ஃபிஜி என்ற சின்னத் தீவு நாடு. 2025-ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பையை வென்றது சென்னை அணி. இதெல்லாம் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆடலாமா வேண்டாமா என்பதைவிட, யார் சொல்லித் தருகிறார்கள் என்பதில்தான் என் அக்கறை எல்லாம்.

நம் பகுதி உடற்கல்வி ஆசிரியர்கள் பெரும்பாலும் கபடி, வாலிபால், தடகளம் என்று வளர்ந்தவர்கள். ரக்பி செல்போனில் வீடியோ பார்த்துச் சொல்லித் தரக்கூடிய ஆட்டம் இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். பந்தோடு ஓடி வருபவரை மடக்கிப் பிடிப்பதை டேக்கிள் என்கிறார்கள். தோளுக்கு மேலே பிடித்தால் தவறு என்று விதியே இருக்கிறது. ஆனால் விதி தெரிந்தால் மட்டும் போதாது. பிடிப்பவரின் தோள் எதிராளியின் இடுப்புக்குக் கீழே படவேண்டும்; தலை அவருக்குப் பின்பக்கமாக, கன்னம் தொடையோடு ஒட்டி, கண் திறந்திருக்க வேண்டும். தலை முன்பக்கம் போய்விட்டால் ஓடி வருபவரின் முழங்கால் நேராக நெற்றிப்பொட்டில் இடிக்கும். கபடி ஆடிய பிள்ளைகள் தானாகவே தாழ்ந்து போய்ப் பிடிப்பார்கள், அது நல்லது. தலையை முன்னே நீட்டும் பழக்கமும் கூடவே வரும், அதை மாற்றத்தான் வாரக்கணக்கில் ஆகும். முதலில் மண்டியிட்டபடி, அப்புறம் நடந்தபடி, கடைசியில்தான் ஓட்டத்தில் பழக்க வேண்டும். இந்த வரிசை தெரியாத ஆசிரியரிடம் பிள்ளையை விட எனக்கு மனமில்லை.

சரி, நம் ஆசிரியர் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் போதாதா? போதாது. அடுத்த பொதுமாறுதல் கலந்தாய்வில் அவர் விருத்தாசலத்துக்கோ திட்டக்குடிக்கோ போய்விட்டால் ஆட்டமும் அவரோடு போய்விடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நம் பிள்ளை எவ்வளவு சரியாகப் பழகியிருந்தாலும், எதிரணிப் பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் அடிபடுவது நம் பிள்ளையும்தான். அதனால் கடலூர் முதுநகரிலிருந்து குறிஞ்சிப்பாடி வரை பக்கத்துப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருவர் கட்டாயம் ஆசிரியை, சனிக்கிழமை காலைகளில் ஒரே மைதானத்தில் சேர்ந்து பயிற்சி எடுப்பார்கள். ஒருவர் வகுப்பெடுக்க மற்றவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். உலக ரக்பி அமைப்பு இணையத்தில் இலவசமாகத் தரும் பாதுகாப்புப் பாடங்களையும், தலைக்காயம் பற்றிய பாடத்தையும் முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும். அதை முடிக்காத பள்ளியோடு நாம் ஆட மாட்டோம், நாமே முடிக்காவிட்டாலும் ஆட மாட்டோம்.

அதுவரை டேக் ரக்பி மட்டும். இடுப்பு பெல்ட்டில் இரண்டு ரிப்பன் தொங்கும். ஒன்றை உருவிவிட்டால் பிடித்துவிட்டதாகக் கணக்கு. இடிபாடு கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை இந்த ஆண்டு முழுவதும் இதுதான். என் எட்டாம் வகுப்பில் முப்பது கிலோ பையனும் அறுபது கிலோ பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் சிறுவர் அணிகளை வயதோடு எடையும் பார்த்துப் பிரிக்கும் வழக்கம் உண்டு. நாமும் அப்படித்தான் செய்யப்போகிறோம். அதற்காக எடை பார்க்கும்போது எண்ணை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

தலையில் அடிபடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'ஹெல்மெட் மாதிரி ஏதாவது வாங்கித் தரட்டுமா?' என்று சிலர் கேட்டீர்கள். ரக்பியில் போடும் மெத்தென்ற தொப்பி தோல் கிழியாமல், காது சிராய்க்காமல் காக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுக்காது. மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்பதும் தப்பான எண்ணம். மந்தமாகப் பார்ப்பது, கேட்டதையே திரும்பக் கேட்பது, நடை தடுமாறுவது, தலைவலி, வெளிச்சம் கூசுவது, இதில் எது தெரிந்தாலும் அந்தப் பிள்ளை உடனே வெளியே வந்துவிட வேண்டும். அன்றைக்குத் திரும்ப இறக்க மாட்டோம், இறுதி ஆட்டமாக இருந்தாலும் சரி. பிறகும் மூன்று வாரத்துக்குப் போட்டி கிடையாது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் மீண்டும் மைதானம். வீட்டில் முதல் இரவு தனியாகப் படுக்க விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கழுத்துவலி, கைகால் மரத்துப்போவது என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பிள்ளைகள் இதை மறைப்பார்கள். டீமில் இடம் போய்விடும் என்ற பயம். உங்களிடம் மறைத்ததை நண்பனிடம் சொல்லியிருப்பான், அதனால் நண்பர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு பயிற்சியும் இருபது நிமிட உடல் தயாரிப்போடுதான் தொடங்கும். கழுத்துப் பயிற்சியும் அதில் உண்டு. இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், இந்த மாதிரிப் பயிற்சியை வாரம் மூன்று முறை செய்த அணிகளில் காயங்கள் பெருமளவு குறைந்திருந்தன. பயிற்சி மாலை நாலரைக்கு மேல்தான். வெயில் அதிகமான நாளில் இல்லை. பல்லைக் காக்க வாயில் மாட்டும் மவுத் கார்டு பள்ளியே வாங்கித் தரும். தண்ணீர் பாட்டில் மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட் கிடைக்கும் என்று நினைத்துச் சேர்ப்பதில் தப்பில்லை. ஆனால் அதையே தினமும் சாப்பாட்டு வேளையில் பேசினால், பிள்ளைக்குப் பிடிக்காமல் போனாலும் வெளியே சொல்ல வாய் வராது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் கேட்க மாட்டோம். போட்டி நடக்கும்போது கோட்டுக்கு வெளியிலிருந்து 'அடிச்சுத் தூக்குடா' என்று கத்தும் பெற்றோரைப் பக்கத்துப் பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். நம் பள்ளியில் அது வேண்டாம்.

மாணவிகள் பயிற்சிக்கும் வெளியூர்ப் போட்டிக்கும் ஆசிரியை கூடவே இருப்பார். தோளைத் தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால் முதலில் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னிலையிலும்தான். சங்கடமாக ஏதாவது நடந்தால் என்னிடமோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ சொல்லலாம். இதைப் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறோம்.

படிவத்தின் பின்பக்கத்தில் ஆஸ்துமா, வலிப்பு, பழைய எலும்பு முறிவு, முன்பு தலையில் பட்ட அடி எதையும் விடாமல் எழுதுங்கள். எழுதினால் சேர்க்க மாட்டார்களோ என்று நினைக்க வேண்டாம். டேக் ரக்பியில் பெரும்பாலும் இடமிருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். நேரில் பேச நினைப்பவர்கள் மாலை நாலு மணிக்கு மேல் வரலாம், உடற்கல்வி ஆசிரியர்கள் இருவரும் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்