வேலை செய்யாத ஃபாஸ்டேக்கும் பிடித்துக்கொண்ட முன்பணமும்: நான்காவது புகார் கடிதம்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, சென்னை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, வாடகைக் கார் நிறுவனம், சென்னை.
நாள்: 11.03.2024

பொருள்: 17.02.2024 முதல் 22.02.2024 வரை எடுத்த வாடகைக் கார் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இந்தக் கடிதத்தையாவது யாரேனும் ஒரு மனிதர் படிப்பார் என்று நம்புகிறேன்.

32 ஆண்டுகள் வரலாறு நடத்தியவள் நான். பாடமாகச் சொல்லிக்கொடுத்த இடங்களில் பாதியை நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் என் கணவர், "அருங்காட்சியகம், மணிமண்டபம், நினைவு இல்லம் என்று ஒரு சுற்று போய்வருவோம், நானே ஓட்டுகிறேன்" என்றார். அதற்குத்தான் உங்கள் காரை எடுத்தோம். அந்தக் காரில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்கின் இலட்சணம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பரனூர் சுங்கச்சாவடியிலேயே "இது கருப்புப் பட்டியலில் இருக்கிறது, ரொக்கமாக இரு மடங்கு கட்டுங்கள்" என்றார்கள். திருச்சி போய்ச் சேர்வதற்குள் ஆறு சுங்கச்சாவடிகள். ஆறிலும் இரு மடங்கு. ஒவ்வொன்றிலும் பின்னால் நிற்பவர்களின் ஹாரன் சத்தம் வேறு.

தேதி வரிசைப்படி எழுது என்கிறார் கணவர். முடியவில்லை. திங்கட்கிழமை உங்கள் சேவை மையத்தில் பேசிய அந்த இளைஞரைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது.

அன்று காலை நாங்கள் மதுரையில் இருந்தோம். கீழடி பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சனிக்கிழமை "பணம் ஏற்றிவிட்டோம்" என்றும் ஞாயிற்றுக்கிழமை "இன்று வங்கி விடுமுறை" என்றும் சொன்ன உங்கள் ஆட்கள், திங்கட்கிழமை, "புதிய டேக்கை மாட்டுத்தாவணி கிளையில்தான் மாற்ற முடியும், காரோடு நேரில் வரவேண்டும்" என்றார்கள். போனோம். ஒரு மணி நேரம் சந்து சந்தாக அலைந்து கண்டுபிடித்தால், பூட்டிய ஷட்டர். பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர், "அவர்கள் காலி செய்து இரண்டு மாதம் ஆகிறதே அம்மா" என்றார். உங்கள் கிளை எங்கே இருக்கிறது என்பது தேநீர்க் கடைக்காரருக்குத் தெரிந்த அளவுகூட உங்களுக்குத் தெரியாதா?

அங்கிருந்தே அழைத்தேன். அந்த இளைஞர் நாற்பது நிமிடம் காத்திருக்க வைத்தார். கீழடி போக வேண்டியிருக்கிறது, தாமதமாகிறது என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பழைய பானை ஓட்டைப் பார்க்கத்தானே போகிறீர்கள்? இரண்டாயிரம் வருஷமாக அங்கேயே கிடப்பது, நாளைக்குள் ஓடியா போய்விடும்?"

ஓடாதுதான். ஆனால் மறுநாள் செவ்வாய்க்கிழமை, கீழடி அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அந்தப் பானை ஓடுகளில்தான் ஐயா, "ஆதன்" என்று ஒருவர் பெயர் பழந்தமிழ் எழுத்தான தமிழியில் கீறியிருக்கிறது. அந்த எழுத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனை தூரம் வந்தேன். மற்றொரு கிளை, மற்றொரு எண் என்று அவர்கள் சொன்ன இடமெல்லாம் சுற்றிவிட்டு, சாயங்காலம் காந்தி அருங்காட்சியகத்துக்குள் ஓடி, சுடப்பட்டபோது அவர் அணிந்திருந்த இரத்தக் கறை படிந்த துணியை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். அந்த அருங்காட்சியகம் இருக்கும் ராணி மங்கம்மாளின் அரண்மனையை அவசரத்தில் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

புதுக்கோட்டை அருங்காட்சியகம் நன்றாக இருந்தது. அதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டையும், கல்கியின் முயற்சியால் எழுந்து 1947-இல் திறக்கப்பட்ட மணிமண்டபத்தையும் பார்த்தோம். அங்கேகூட என் கணவர் வாசலில் நின்று உங்கள் சேவை மையத்தோடுதான் பேசிக்கொண்டிருந்தார். பிறகு கயத்தாறு. கட்டபொம்மனை 1799-இல் தூக்கிலிட்ட ஊர். கம்பெனிக்கு வரி கட்ட மறுத்தவருடைய நினைவிடத்தைப் பார்க்கப் போகும் வழியில், சாலைப்புதூர் சுங்கச்சாவடியில், ஒரு கம்பெனியின் புண்ணியத்தால் நாங்கள் இரட்டை வரி கட்டினோம். என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, 10,000 ரூபாய் முன்பணத்தில் 2,350 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறீர்கள். காரணம் என்ன எழுதியிருக்கிறீர்கள் தெரியுமா? "ஃபாஸ்டேக் பயன்பாட்டுக் கட்டணம்." வேலையே செய்யாத டேக்கை நாங்கள் எப்படிப் பயன்படுத்தினோம் என்று தயவுசெய்து விளக்குங்கள். நாங்கள் ரொக்கமாகக் கட்டிய ரசீதுகள் அனைத்தையும் இணைத்திருக்கிறேன். கணவர் தபால் துறையில் இருந்தவர். ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடமாட்டார்.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமில்லை. கார் ஓடிய வரையில் நன்றாகவே ஓடியது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிடித்த 2,350 ரூபாயும், கூடுதலாகக் கட்டிய சுங்கக் கட்டணமும் பதினைந்து நாட்களுக்குள் வந்து சேர வேண்டும். அந்த இளைஞர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நேராக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது, எனக்கு நேரமும் நிறைய இருக்கிறது. அப்போது மன உளைச்சலுக்கு ஒரு இலட்சம் ரூபாய் கேட்பேன். என்னைப் பொறுத்தவரை ஒரு முழு நாள் கீழடிக்கு அதுவும் குறைவுதான்.

விரைவில் நல்ல பதில் தருவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

பி.கு.: என் கணவரின் படிக்கும் கண்ணாடி காரின் பின் இருக்கையில் விழுந்து கிடக்கிறது. பழுப்பு நிற உறை. இதையும் மூன்று முறை சொல்லிவிட்டோம்.