25 மைலும் எண்டூரன்ஸ்தான் குட்டி

குட்டி,

நேத்து நைட்டு நீ போன வச்சதுக்கு அப்புறம் எனக்கு தூக்கமே வரல. சளி புடிச்சிருக்குன்னு சொன்ன, ஆனா நீ அழுதது எனக்கு தெரியும்டி. போன்ல எதுவும் சொல்ல வாய் வரல, அதான் காலைல காபி போட்டுட்டு உக்காந்து டைப் பண்றேன், கொஞ்சம் பெருசா போகும், வேலை முடிச்சுட்டு நிதானமா படி.

குதிரை மேல ரொம்ப தூரம் போற எண்டூரன்ஸ் போட்டில நீ 25 மைல் முடிச்சதும், 50 மைல் ஓட்டற அந்த அம்மா உன்கிட்ட வந்து 25 மைலெல்லாம் எண்டூரன்ஸே இல்ல, சும்மா காட்டுக்குள்ள ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றதுன்னு சொன்னாங்கல்ல, அதுவும் நீ குதிரைக்கு தண்ணி ஊத்திட்டு நிக்கும்போது. கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. 25 மைல்னா 40 கிலோமீட்டர், நம்ம கடலூர்ல இருந்து பாண்டி போய்ட்டு திரும்பி வர்ற தூரம் கிட்டத்தட்ட. பஸ்ல போய்ட்டு வந்தாலே எனக்கு இடுப்பு வலிக்குது, நீ மலை மேட்டுல ஏறி இறங்கி அதை முடிச்சிருக்க.

நீ அனுப்பின வீடியோவ நாலு தடவ பாத்துட்டேன். முடிவு கோட்ட தாண்டி வந்ததும் நீ குதிச்சு இறங்கி, பெல்ட்ட லூஸ் பண்ணி, சேணத்த கழட்டி வச்சுட்டு, ஸ்பாஞ்சால கழுத்துலயும் நெஞ்சுலயும் தண்ணிய ஊத்தி ஊத்தி வழிச்சு விடற, கேமராவ ஒரு தடவகூட பாக்கல. அப்புறம் அந்த குதிரை டாக்டர் ஸ்டெதஸ்கோப்ப இடது முன்காலுக்கு பின்னாடி, கால் நெஞ்சோட சேர்ற இடத்துல வைக்கறார் பாரு, அங்கதான் நான் வீடியோவ நிறுத்திட்டேன்.

உங்க தாத்தாவும் அதே இடத்துலதான் கைய வைப்பார். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசல்ல ஜட்கா ஓட்டிட்டு இருந்தாருன்னு உனக்கு தெரியும், ஆனா இது உனக்கு சொல்லியிருக்கேனான்னு ஞாபகம் இல்ல. ஓ.டி, அதான் கடலூர் ஓல்ட் டவுன் வரைக்கும் சவாரி போய்ட்டு வந்தா, உடனே அடுத்த சவாரி ஏத்த மாட்டார். உள்ளங்கைய வண்டிக் குதிர ராணியோட நெஞ்சாங்கூட்டு மேல வச்சுட்டு கண்ண மூடிட்டு நிப்பார், "இன்னும் படபடங்குது"ன்னு சொல்லிட்டு பீடிகூட பத்த வைக்காம அப்படியே நிப்பார். ரயிலுக்கு வந்த ஜனங்க மூட்டைய வச்சுகிட்டு கத்துவாங்க, வேற வண்டில ஏறி போய்டுவாங்க, அன்னிக்கு வீட்டுல காசு கம்மியாதான் இருக்கும். எனக்கு அப்போ எட்டு வயசு இருக்கும், எனக்கும் கைய புடிச்சு அங்க வச்சு காட்டுவார். அந்த சூடும் அந்த இடியும் இன்னும் என் உள்ளங்கைல இருக்குடி. (தண்ணி விஷயத்துல மட்டும் அவர் பண்ணது தப்பு. உடம்பு ஆறுற வரைக்கும் குடுக்கவே மாட்டார், அந்த காலத்துல எல்லாரும் அப்படித்தான். இப்போ நீங்கல்லாம் வழியிலயே குடிக்க விடறீங்க, அதான் சரி.)

அதனாலதான் நீ அனுப்பின ரூல்ஸ அப்பாவ படிச்சு சொல்ல சொன்னப்போ ஒரு விஷயம் எனக்கு ரொம்ப புடிச்சுது. 50 மைல்ல கோட்ட தாண்டின நேரத்ததான் எழுதறாங்க, அதுக்கப்புறம் அரை மணி நேரத்துக்குள்ள துடிப்பு இறங்கி டாக்டர் பாஸ் பண்ணா போதும். உங்க 25 மைல்ல அப்படி இல்ல, துடிப்பு நிமிஷத்துக்கு 60க்கு இறங்குற நேரம்தான் முடிச்ச நேரம். நீ கோட்ட தாண்டும்போது 4 மணி நேரம் 50 நிமிஷம், 60க்கு வந்தது 9 நிமிஷம் கழிச்சு, அதனால கார்டுல 4:59. அதாவது நீ எவ்ளோ வேகமா ஓட்டினாலும் குதிர ஆறலன்னா உன் கடிகாரம் ஓடிகிட்டேதான் இருக்கும். தாத்தா கண்ண மூடிட்டு நின்னதும் இதுக்குதான். இது எண்டூரன்ஸ் இல்லன்னா வேற என்னன்னு அந்த அம்மாவ கேட்டிருக்கணும்.

அதுவும் எவ்ளோ தூரத்துல இருந்து எண்டூரன்ஸ்ங்கறது ஊருக்கு ஒரு மாதிரி இருக்கு. உங்க அமெரிக்க எண்டூரன்ஸ் சங்கம் 1972ல ஆரம்பிச்சது, 25ல இருந்து 35 மைல் வரைக்கும் குறைஞ்ச தூரம்னு தனியா வச்சிருக்காங்க, 50ல இருந்துதான் எண்டூரன்ஸ்னு எழுதறாங்க. நம்ம நாட்டுல 40, 60, 80 கிலோமீட்டர்னு நடத்தறாங்க, எல்லாத்துக்கும் அதே பேருதான். உலக குதிரையேற்ற சம்மேளனத்துகிட்ட போனா, ஸ்டார் போட்டு தரம் பிரிக்கற இன்டர்நேஷனல் போட்டியே 100 கிலோமீட்டர்லதான் ஆரம்பிக்குது. அப்போ அந்த அம்மாவோட 50 மைலும், அதாவது 80 கிலோமீட்டரும், அங்க சேராது.

ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. 25ம் 50ம் ஒண்ணு இல்ல. ஆகஸ்ட் கடைசில வேளாங்கண்ணிக்கு காவி கட்டிட்டு நம்ம தெரு முனை வழியா நடந்து போவாங்கல்ல, நாம மோர் குடுப்போம். மெட்ராஸ்ல இருந்து நடந்து வர்றவங்க கால பாத்திருக்க, துணி சுத்தி, ரத்தம் கட்டி, உக்காந்தா எழுந்திருக்க முடியாம. நம்ம ஊர்ல சேந்துகிட்டவங்களும் பாதயாத்திரைதான் போறாங்க, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த கால் வேற இந்த கால் வேற. கலிபோர்னியால 1955ல இருந்து நடக்குதே அந்த டெவிஸ் கப் குதிரை போட்டி, 100 மைல் ஒரே நாள்ல, 24 மணி நேரத்துக்குள்ள, மலைல, ராத்திரில. கிளம்பறவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேர் முடிக்கறதில்ல. அதுக்கு தனி மரியாதை குடுக்கத்தான் வேணும். உன் மைல தனி கணக்குல எழுதறாங்கன்னு வருத்தப்பட்டியே, அது எனக்கு சரியாத்தான் படுது. கணக்கு தனியா இருக்கட்டும், பேர புடுங்க கூடாது, அவ்ளோதான்.

இப்போ நான் எழுத வந்ததே இதுக்குதான். அடுத்த மாசம் 50 மைலுக்கு பேர் குடுக்க போறேன்னு கோவத்துல சொன்னல்ல, அத பண்ணாத கண்ணு. உன் குதிர ஜிப்ஸிக்கு இப்போதான் 5 வயசு முடிஞ்சிருக்கு. 25க்கு 4 வயசு, 50க்கு 5 வயசுன்னு ரூல்ஸ் இருக்கு, அதுபடி ஓட்டலாம்தான், ஆனா நீதான சொன்ன, இதயமும் நுரையீரலும் சில மாசத்துலயே பழகிடும், தசைநாரும் எலும்பும் பலமாக ரொம்ப நாள் ஆகும்னு. அது மூச்சு வாங்காம ஓடுதேன்னு பாத்து ஏமாந்துடாத, கால் தயாரா இல்லன்னா குதிர வாய தொறந்து சொல்லாது. யாரோ ஒருத்தங்க வாய அடைக்கறதுக்காக அதோட கால பணயம் வைக்காத. இந்த வருஷம் முழுக்க 25ஏ ஓடு, நல்லா ஓடு, துடிப்பு 9 நிமிஷத்துக்கு பதிலா 4 நிமிஷத்துல இறங்கட்டும். 50 எங்கயும் ஓடிப் போகல.

ராணிய மறுநாள் விடிகாலைல கட்டுத்தறிய விட்டு அவுக்கறதுக்கு முன்னாடி தாத்தா நாலு காலையும் முட்டிக்கு கீழ தடவுவார். ஒரு கால் மட்டும் சூடா இருந்தா அன்னிக்கு வண்டி பூட்ட மாட்டார்.

நீ நாளைக்கு காலைல ஜிப்ஸிக்கு தடவிப் பாரு. நாலும் ஒரே மாதிரி இருக்கா, எதாச்சும் வீங்கியிருக்கான்னு பாத்துட்டு எனக்கு வாட்ஸப்ல வாய்ஸ் அனுப்பு. சாப்பிட்டியா?

அம்மா