ஜவ்வாது மலைக்கு ஒரு பைக் பாதை

ஐயா,

பைக்கில் மலையேறும் இளைஞர்கள் ஏற்காட்டிலும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலுமே குவிகிறார்கள். அமெரிக்காவில் பேக்கன்ட்ரி டிஸ்கவரி ரூட்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு, ஏற்கெனவே இருக்கும் மண்சாலைகளை இணைத்து மோட்டார் சைக்கிள் வழித்தடங்கள் அமைத்து, ஜிபிஎஸ் தடத்தை இலவசமாகத் தருகிறது. வழியிலுள்ள சிற்றூர்களின் பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, விடுதி எல்லாவற்றுக்கும் அதனால் வியாபாரம். போளூர், ஜமுனாமரத்தூர், காவலூர், ஆலங்காயம் என நம் ஜவ்வாது மலை ஊர்ச்சாலைகளையும் இப்படி இணைக்கலாமே! ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம். சாமைச் சோறும் மலைத்தேனும் மகளிர் குழுக்கள் விற்கட்டும். ஆனால் எந்த ஊர் வழியாகப் போகலாம் என்பதை மலைவாழ் மக்களின் கிராமசபைதான் முடிவு செய்ய வேண்டும். சாலையை விட்டுக் காட்டுக்குள் சக்கரம் இறங்கக் கூடாது. அப்புறம், காதைக் கிழிக்கும் சைலன்சர்களை அடிவாரத்திலேயே தடுத்துவிட வேண்டும்.

ஒரு வாசகர், போளூர்