மாடி பஸ்ஸும் என் இடது காலும்

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. சொட்டு மருந்தை மறக்காமல் விட்டுக்கொள். உன் மறதி எனக்குத் தெரியும். இங்கே என் முழங்கால் பழையபடிதான். மழை வந்தால் இடது கால் முதலில் முனகும். டாக்டர் வயசு என்கிறார், நான் அந்த நாளில் ஓட்டிய டைம்லர் மாடி பஸ் என்கிறேன்.

பழைய மாடி பஸ் ஒன்றைச் சரிசெய்யும் பையன்களுக்கு நீ கைகொடுப்பது நல்ல காரியம். அது ப்ரீசெலக்டர் கியர் வண்டி, அதாவது கியரை முன்கூட்டியே தேர்ந்து வைக்கும் வண்டி, அதன் பெடல் ஏன் ஆளை உதைக்கிறது என்று கேட்டிருந்தாய். நீ கடைசி வரை கிளட்ச் வண்டியிலேயே காலம் தள்ளியவன். உனக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை.

முதல் விஷயம், அதில் கிளட்சே கிடையாது. என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிரப்பிய ஃப்ளைவீல், அதாவது கனமான சுழல் சக்கரம் ஒன்று இருக்கும். டைம்லர்காரர்கள் 1930-இலேயே இதையும் வில்சன் என்ற ப்ரீசெலக்டர் கியர் பெட்டியையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சின்ன நெம்புகோலை அடுத்து வேண்டிய கியரில் முன்கூட்டியே வைத்துவிடலாம். வைத்தால் ஒன்றும் ஆகாது. இடது கால் பெடலை மிதித்து விட்டால்தான் கியர் மாறும். மேடு வரப்போகிறது என்று தெரிந்தால் சமதரையிலேயே நெம்புகோலை இரண்டில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு போகலாம். அந்த நாளில் பவர் ஸ்டீயரிங் ஏது? கை இரண்டும் தேவைப்பட்ட காலம் அது.

உதை விஷயத்துக்கு வருகிறேன். பெட்டிக்குள் ஒவ்வொரு கியருக்கும் ஒரு டிரம், அதைச் சுற்றி ஒரு பட்டை. அந்தப் பட்டையை இறுக்கிப் பிடிப்பது ஒரு முரட்டு ஸ்பிரிங். பெடல் அந்த ஸ்பிரிங்கை அமுக்குகிறது. தரை வரை மிதித்தால் உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்காரும். அரைகுறையாக மிதித்துவிட்டால் ஸ்பிரிங்குக்குப் பிடிக்க எதுவும் இருக்காது, மொத்த பலமும் பெடல் வழியாகத் திரும்பி வரும். பெடல் வழக்கமான இடத்தையும் தாண்டி மேலே எகிறும், முட்டி போய்விடும். அப்புறம் அதைத் திரும்ப அமுக்க இரண்டு காலும் வேண்டும், சீட்டில் முதுகை அண்டக் கொடுத்துத் தள்ள வேண்டும். பஸ் நடுரோட்டில் நிற்கும், பின்னால் ஹாரன் கேட்கும், கண்டக்டர் மணி அடித்துக்கொண்டே இருப்பார். பையன்களிடம் ஒன்றே ஒன்று சொல்: பாதி மிதி கிடையவே கிடையாது. பட்டை தேய்ந்தால் பெட்டியே தானாக இறுக்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு கியராக வைத்து, வண்டி நிற்கும்போதே பெடலைப் பல முறை மிதித்து விடச் சொல். சறுக்கல் குறையும். காற்றழுத்தத்தில் இயங்கும் ப்ரீசெலக்டர்களில் பெடல் சாது. அங்கே காற்று குறைந்தால் கியர் நழுவும், அவ்வளவுதான்.

உன் கிளட்ச் வண்டியின் கார்டனர் என்ஜினை மட்டும் பெரிதாகச் சொல்லாதே. நல்ல என்ஜின், மறுக்கவில்லை. 8.4 லிட்டர், ஆறு சிலிண்டர், 1700 சுற்றுக்கு மேல் போகாது, டீசலை மோந்து பார்த்தே ஓடும். ஆனால் அதன் ஃப்ளைவீலுக்கு அவசரம் என்பதே தெரியாது. கிளட்சை மிதித்து, நியூட்ரலில் விட்டு, என்ஜின் சத்தம் இறங்குமா இறங்குமா என்று காத்திருப்போமே! மேட்டில் அது இறங்கி மூன்றாவது கியர் விழுவதற்குள் வண்டி வேகம் செத்து, மறுபடி இரண்டாவது தேவைப்பட்டுவிடும். ஐந்து சிலிண்டர் கார்டனரோ ஸ்டாப்பில் நிற்கும்போது ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் ஆட்டிவைக்கும். எனக்கு லேலண்ட் பிடி-2 பஸ்தான் இஷ்டம். முதல் கியர் மட்டும் கடித்துக்கொண்டுதான் விழும், மற்றதில் பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோமெஷ் இருந்ததால் காதை நம்பாமல் கையை நம்பி ஓட்டலாம். இதில் நீ என்னோடு சண்டைக்கு வருவாய், தெரியும். வா.

மாடியில் கூட்டம் ஏறினால் கவிழ்ந்துவிடாதா என்று உன் பேரன் கேட்டானாமே. எல்லோரும் கேட்பதுதான். பிரிட்டனில் ஒரு சோதனை உண்டு என்று சொல். மேல்தளத்தில் மட்டும் ஆள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றிவிட்டு, வண்டியை 28 டிகிரி சாய்ப்பார்கள். அதுவரை கவிழக் கூடாது. என்ஜின், சேஸிஸ், அச்சு எல்லாம் கீழேதானே இருக்கின்றன. ஆட்டம் மேலே இருப்பவருக்குத்தான், கீழே கேபினில் நமக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் புது டிரைவர்கள் வளைவில் வேகமாகத் திருப்புவார்கள், மேலே இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள்.

தாழ்வான பாலங்களுக்காகச் செய்த வண்டிகள் உனக்கு நினைவிருக்கும். 1927-இல் லேலண்ட் டைட்டன் அப்படித்தான் வந்தது. மாடியில் நடக்கும் வழி ஓரத்தில் பள்ளமாக இருக்கும், அந்தப் பள்ளம் கீழ்த்தளத்துக் கூரையில் துருத்திக்கொண்டிருக்கும். கீழே அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தால் தலையில் ஒரு இடி. மாடியிலோ நான்கு பேர் வரிசையாக உட்கார வேண்டும். ஜன்னலோரத்து ஆள் இறங்க மற்ற மூவரும் எழுந்து வழிவிட வேண்டும். பின் அச்சின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, வழியை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தது பிரிஸ்டல் லோடெக்கா என்ற மாடி பஸ். எனக்குக் கேட்டால் மாடி பஸ்ஸில் அதைவிடக் கெட்டிக்கார வேலை நடக்கவில்லை.

சரி, கை வலிக்கிறது. பையன்களின் பஸ்ஸில் அந்த எண்ணெய் ஃப்ளைவீலைச் சுற்றி ஈரம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்து எழுது. ஈரம் இருந்தால் சீல் போயிருக்கும். அதை மாற்றாமல் ரோட்டில் இறக்க விடாதே. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்